நான்கு விரல் குறைந்த சறுக்குவண்டி

இரண்டு சறுக்குக் கட்டைகளையும் வாசலறைத் தரையில் அருகருகே போட்டுப் பார்த்தேன். ஒன்று நீளம், மற்றது குட்டை. நான்கு விரல் வித்தியாசம். திருப்பிப் போட்டேன். அப்போதும் நான்கு விரல். இடம் மாற்றிப் போட்டேன். குட்டைக் கட்டை வலப்பக்கம் போனதே தவிர வளரவில்லை.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. கட்டையின் மீதா என் மீதா என்றுதான் தெரியவில்லை. இரண்டும் ஒரே மரத்தின் இரண்டு பாதிகள். எங்கள் பக்கம் செடி முழங்காலுக்கு மேல் வளராது. மரம் வேண்டுமென்றால் பேரிங் கடல் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. போன கோடையில் கரை ஒதுங்கிய மரம் அது. நானே பிளந்தேன், நானே அளந்தேன், நானே செதுக்கினேன். முதல் கட்டையை ஆறு உறைவதற்கு முன்பே முடித்துவிட்டேன். இரண்டாவது தள்ளிப்போய்விட்டது. நடுக்குளிரில் மீன்பொறியைப் பார்க்கப் போனபோது ஆற்றுப் பனியில் வழுக்கி விழுந்து வலது முழங்கை பிசகிக்கொண்டது. மனைவியின் சித்தி வந்து இழுத்து வைத்துக் கட்டினாள். சூரியன் மறுபடி கூரைக்கு மேலே ஏறியபோது கையின் கட்டுகளை அவிழ்த்தேன். வலி போய்விட்டது. வலி போனால் கை சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? உடனே மரம் செதுக்கும் வாச்சியை எடுத்து இரண்டாவது கட்டையோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, அளந்த ஆள் ஒருவன். அளவுகோலும் ஒன்றுதான். அந்த அளவுகோல் நான்தான்.

எங்களில் அப்படித்தான். சறுக்குக் கட்டையின் நீளம் ஒரு பாகமும் ஒரு கைமுட்டியும். சுவரோடு ஒட்டி நின்று இரு கைகளையும் விரித்தால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை ஒரு பாகம். வண்டியின் அகலம் முழங்கையிலிருந்து மடக்கிய கைவரை. உயரம் ஒரு சாண். படகு, துடுப்பு, ஈட்டி எல்லாமே அதைக் கையாளுகிறவனின் உடம்பிலிருந்துதான் பிறக்கும். கடைக்காரரிடம் மடிக்கிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. அவர் அலமாரி அடிக்க வைத்திருக்கிறார். அதை இரவல் வாங்கி வண்டி செய்கிறவனை ஊரில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். பரணிலிருந்து படகை இறக்கி அதன்மேல் கட்டையை வைத்து அளப்பது அதைவிட அசிங்கம். சோறு தின்னும்போது வாய் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது மாதிரி.

நான் சொல்வது நாய்கள் இழுக்கும் பெரிய வண்டி அல்ல. ஆள் தள்ளுகிற சின்ன வண்டி. வசந்தத்தில் கரையோரக் கடல் இன்னும் உறைந்தே கிடக்கும். அதைத் தாண்டினால்தான் தண்ணீர். தோல்படகை இந்த வண்டியின் முதுகில் ஏற்றிப் பனி விளிம்புவரை தள்ளிக்கொண்டு போவோம். தண்ணீர் வந்ததும் வண்டியைத் தூக்கிப் படகின் முதுகில் கட்டிக்கொண்டு துடுப்புப் போடுவோம். வண்டி இல்லாமல் படகை இழுத்தால் பனிமுனைகள் தோலைக் கிழித்துவிடும். வண்டி இல்லாதவனுக்குக் கடல் இல்லை. கடல் இல்லாவிட்டால் சீல் என்கிற கடல்நாய் இல்லை, அதன் எண்ணெய் இல்லை. வீட்டில் எண்ணெய்ப் பை ஏற்கெனவே சுருங்கிச் சுவரோரம் கிடந்தது. பழைய வண்டி போன வருடமே உடைந்துவிட்டது. இன்னும் சில நாளில் கடல் திறக்கும் என்று காற்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"மஞ்சுவாக், மரம் சுருங்குமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

என் மனைவி விளக்கோரம் உட்கார்ந்து என் புதுத் தோல்சட்டைக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். "சுருங்கும். ஈர மரம் காஞ்சா சுருங்காதா?"

"அப்ப பழைய கட்டைதானே சுருங்கணும்? அதுதான் ரொம்ப நாளா காயுது. ஆனா பழசுதான் நீளமா இருக்கு. புதுசுதான் குட்டை."

"அப்ப சுருங்கல."

"பின்ன பழசு வளந்துருச்சா?"

"மரம் செத்தப்புறம் வளருமா? என்னய்யா கேக்குற?"

"எலி கடிச்சிருக்குமோ?"

"கடிச்சிருந்தா பல்லுத் தடம் இருக்கும்."

"இல்ல."

"அப்ப எலியும் இல்ல."

அவள் நரம்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஏதோ சொல்ல வருகிறவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுத்த கையைத் தைக்கப் போய்விட்டாள். இவளிடம் கேட்டதே தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து உலிகாக் உள்ளே நுழைந்தான்.

உலிகாக் என் தாய்மாமன் மகன். எங்கள் ஊரில் மச்சான்மார்களுக்கு ஒரு கடமை உண்டு: ஒருவனை ஒருவன் ஓயாமல் கிண்டல் செய்ய வேண்டும். எவ்வளவு கேவலமாகச் சொன்னாலும் மற்றவன் கோபப்படக் கூடாது. திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். முகம் சுளித்தால் ஊரே சிரிக்கும். அவன் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசி நான் கேட்டதே இல்லை. என் அப்பா செத்து நாங்கள் பெட்டி அடித்துக்கொண்டிருந்தபோதுகூட, "பலகை பத்தாது மச்சான், மாமாவைக் கொஞ்சம் காலை மடக்கிக்கச் சொல்லு" என்றான். சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் அவன்தான் அழுதான். எனக்கு அவனைவிட நான்கு விரல் உயரம் அதிகம். அந்த நான்கு விரலை வைத்துத்தான் நாற்பது வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது. அவன் எனக்குக் குள்ளன், நான் அவனுக்கு நெட்டை.

டீயை ஊற்றிக்கொண்டு கட்டைகளின் பக்கத்தில் குந்தினான். "என்ன நெட்டை, வண்டி பொறக்கும்போதே நொண்டியா பொறந்திருக்கு?"

"நீதான் என்னமோ பண்ணியிருக்க."

"நான் பண்ணியிருந்தா ரெண்டையும் விறகாக்கியிருப்பேன். ஆனா இதுவும் நல்லதுதான் மச்சான். ஒரு கால் குட்டையா இருந்தா வண்டி வட்டமாவே சுத்தும். பனிமூட்டத்துல நீ தொலைஞ்சே போகமாட்ட. எங்க கெளம்பினியோ அங்கயே வந்து நிப்ப."

மஞ்சுவாக் சத்தம்போட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"வெளையாட்டு போதும்டா. ரெண்டுல எது சரி, எது தப்புன்னு தெரியாம மண்டை காயுது."

அவன் டீயை உறிஞ்சினான். "உன் கையைக் கேளு."

"கை பேசுமா?"

"பேசும். உன் வாய் மூடியிருந்தா."

கிண்டல்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனை. கையைக் கேட்பது என்றால் மறுபடி அளப்பதுதானே? எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன். இரு கைகளையும் விரித்தேன். மஞ்சுவாக் வந்து இரண்டு பக்கமும் விரல் நுனியில் கரிக்கோடு போட்டாள். அதன்மேல் ஒரு முட்டி சேர்த்துக் கட்டைகளை வைத்துப் பார்த்தோம். குட்டைக் கட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

"பாத்தியா!" என்றேன். "நீளக் கட்டைதான் தப்பு. அப்ப ஏதோ நெனப்புல அளந்திருக்கேன்."

ரம்பத்தை எடுத்தேன். ஒரு சந்தேகம் தீர்ந்துவிட்டால் மனிதனுக்கு வருகிற சுறுசுறுப்பு இருக்கிறதே, அது தனி. நீளக் கட்டையின் வாலில் கோடு கிழித்து அறுக்கத் தொடங்கினேன். ரம்பம் பாதி மரம் போயிருக்கும், உலிகாக் "மச்சான்" என்றான். அந்தக் குரல் என்னவோ போல் இருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மரத்தூள் டீயில விழுது."

நான்கு விரல் துண்டு தரையில் விழுந்தது. அவன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று கேட்டதற்கு, "உன்னைவிட நான் கம்மியா இருக்கிறது இதுதானே? வெச்சுக்கறேன்" என்றான். வழக்கமான கிண்டல். ஆனால் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை. புரியாததைப் பற்றி அதற்குமேல் நினைக்க எனக்கு நேரமும் இல்லை.

அதன்பிறகு வேலை வெண்ணெயாக ஓடியது. கட்டைகளின் மூக்கை நீராவியில் காட்டி வளைத்தேன். முட்டுக்கால்களை நிறுத்தினேன். குறுக்குச் சட்டங்களின் நடுவே, படகின் வயிறு உட்காருவதற்கு மெல்லப் பள்ளம் எடுத்தேன். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஆணி அடித்த வண்டி பனிமேட்டில் மோதினால் விறைத்து நின்று விரிசல் விடும். வாரால் கட்டிய வண்டி நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். ஒவ்வொரு மூட்டிலும் துளை போட்டு, ஊறவைத்த சீல்தோல் வாரை இழுத்துக் கட்டினேன். வலது கையால் இழுக்கும்போது இழுவை கொஞ்சம் குறைவாக இருந்ததால் பல்லையும் சேர்த்துக்கொண்டேன். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த கை, அப்படித்தான் இருக்கும். கடைசியில் பீப்பாய் இரும்புப் பட்டையைக் கட்டைகளின் அடியில் பொருத்தினேன். விரலால் தட்டினால் வண்டி முழுதும் அதிர்ந்து மெதுவாக அடங்கியது. இவ்வளவு அழகான வண்டியை நான் செய்ததில்லை. சொன்னால் பெருமையடிப்பது ஆகும், ஆனால் உண்மை.

மறுநாள் ஊரே வெளியில் நின்று அவரவர் படகுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தபோது, நானும் என் படகை இறக்கி வண்டியில் ஏற்றினேன்.

படகு மூக்கைப் பனியில் குத்திக்கொண்டு நின்றது.

பின்னால் தள்ளி வைத்தேன். வால் தரையில் இடித்தது. முன்னால் இழுத்தேன். படகின் விலா முன்சட்டத்தில் உட்காராமல் உருண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்று பேர் பிடித்திருக்காவிட்டால் கவிழ்ந்திருக்கும். என் உடம்பிலிருந்து வந்த படகு. என் உடம்பிலிருந்து வந்த வண்டி. ஒன்றுக்கொன்று முகம் தெரியாத அந்நியர்கள் மாதிரி நடந்துகொண்டன.

"படகுக்குத் தாகம் மச்சான்," என்று உலிகாக் கத்தினான். "அதான் குனிஞ்சு குனிஞ்சு பனியைத் தின்னுது."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வேறு வழி?

வீட்டுக்கு வந்து தலையைப் பிய்த்துக்கொண்டேன். படகு நீண்டுவிட்டதா? போன வருடத்தின் முதல் தாடிக் கடல்நாயை நான்தான் அடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, கடலுக்குப் பிடிக்காமல் போய்விட்டதா? வேட்டைக்காரன் செய்யக் கூடாத ஏதாவது ஒன்றைக் குளிர்காலத்தில் மறந்து செய்துவிட்டேனா? எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி மூடியிருந்தது. மஞ்சுவாக்கைக் கேட்டேன். "சாப்பிடு, கருவாடு காயுது" என்றாள். இதுவும் ஒரு பதிலா?

அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது, அதாவது வந்ததாக நினைத்தேன். உலிகாக்! நல்ல கட்டையை எடுத்து மாற்றி வைத்திருக்கிறான். இல்லாவிட்டால் "உன் கையைக் கேளு" என்று ஏன் சொன்னான்? வெட்டிய துண்டைப் பையில் ஏன் போட்டுக்கொண்டான்? ஒருமுறை என் பனிச்செருப்பின் வாயைத் தைத்து வைத்தவன் அவன். மாற்றி வைத்திருந்தால் என் கை அளவு ஏன் குட்டைக் கட்டைக்குப் பொருந்தியது என்று ஒரு கேள்வி வந்தது. அதை ஓரமாகத் தள்ளினேன். கோபம் வந்தவனுக்குக் கணக்கு எதற்கு?

மச்சானிடம் கோபப்படக் கூடாது. திருப்பிக் கொடுக்கலாம். சாயங்காலம் அவன் வீட்டுப் பரணிலிருந்து அவன் வண்டியை இறக்கி, நாய்கள் கட்டியிருக்கும் கம்பத்துக்கு அருகில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாய் காலைத் தூக்கி ஒன்றுக்கு இருக்கட்டும், நாளைக்கு அந்த நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்குமேல் சத்தியமாக எதுவும் இல்லை.

விடிந்தபோது வெளியே "தண்ணி! தண்ணி!" என்று கூச்சல். கடல் திறந்துவிட்டது. மேற்கே வானத்தின் அடிவயிறு கறுத்துக் கிடந்தது. அதன் கீழே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். ஆட்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உலிகாக் மட்டும் நாய்க் கம்பத்தருகே நின்றுகொண்டிருந்தான்.

அவன் காலடியில் சில குச்சிகள் கிடந்தன. வருடக்கணக்காகச் சீல் ரத்தமும் எண்ணெயும் ஊறிய வண்டி அது. நாய்கள் ஒரு வாரைக்கூட விடவில்லை. வார் தீர்ந்தபின் சட்டங்களை மென்றிருந்தன. கட்டை ஒன்று நடுவில் பிளந்து கிடந்தது.

ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"உன் வேலையா?" என்றான்.

"ஆமா."

"நல்ல வேலை." சிரித்தான். "வண்டி நாய் வயித்துக்குள்ள இருக்கு. இனிமே படகை அதுங்க முதுகுலதான் கட்டணும்." சிரிக்கும்போதே அவன் கண் மேற்கே, அந்தக் கறுப்பு வானத்தைப் பார்த்தது. அவன் வீட்டிலும் எண்ணெய்ப் பை சுருங்கித்தான் கிடந்தது, எனக்குத் தெரியும்.

"மச்சான், நான் ஒன்னுக்குப் போகத்தான்..." என்று குழறினேன்.

"யாரு, நீயா? அதுக்கு என் வண்டி எதுக்கு? விடு. உன் வண்டியைக் கொண்டா."

"அது நிக்காதுடா. நீயே பாத்தியே."

"கொண்டாடா."

கொண்டுபோனேன். மஞ்சுவாக்கும் பின்னாலேயே வந்தாள். உலிகாக் தன் படகைத் தூக்கி என் வண்டியின்மேல் வைத்தான். படகு மூக்கைக் குத்தவில்லை. வால் இடிக்கவில்லை. வயிறு பள்ளத்தில் போய்ப் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஒரு விரலால் தள்ளினான். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

நான் வாயைப் பிளந்து நின்றேன். நான் எனக்காகச் செய்த வண்டி. அவன் அளவில் எப்படி வரும்? ஒருவேளை எனக்குத் தெரியாமல் நான் அவனுக்காகவே செய்தேனா? நேற்று வரை குழப்பம் கட்டையில் இருந்தது. இப்போது எனக்குள்ளேயே வந்துவிட்டது.

"இங்க வா நெட்டை," என்றான். "என் முன்னால நில்லு. கையை விரி."

எதிரெதிரே நின்று இருவரும் கைகளை விரித்தோம். சின்ன வயதில் யார் பெரியவன் என்று பார்ப்பதற்கு இப்படி நிற்போம். எப்போதும் இரண்டு பக்கமும் என் விரல்கள் அவன் விரல்களைத் தாண்டி நிற்கும். அவன் எம்பி எம்பிக் குதிப்பான். இப்போது என் இடது கை தாண்டியது. வலது கை தாண்டவில்லை. எட்டவே இல்லை. நீட்டு என்றேன் கையிடம். நீட்டித்தான் இருக்கிறேன் என்றது கை. பார்த்தால், முழங்கை மடங்கியே இருந்தது. பலம் முழுவதையும் கொடுத்து நீட்டினேன். முழங்கை மடங்கியே இருந்தது.

அப்போதுதான் என் சட்டையைப் பார்த்தேன். மஞ்சுவாக் இந்தக் குளிர்காலத்தில் தைத்த புதுச் சட்டை. இரண்டு கையும் என் மணிக்கட்டில் அழகாக வந்து நின்றன. இரண்டையும் உடம்போடு சேர்த்துத் தொங்கவிட்டேன். சட்டையின் வலது கை இடதைவிடக் குட்டை. அளந்து தைத்த குட்டை.

மஞ்சுவாக் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான்," என்றான் உலிகாக். "இந்தக் கையால ஈட்டி எறிய முடியாது. எறிஞ்சா குறி தப்பும். தப்பினா படகு கவிழும். இந்த வருஷம் நீ கடலுக்கு வராத."

அதற்குப் பின்னால் வரவேண்டிய கிண்டலுக்காகக் காத்திருந்தேன். அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. நாற்பது வருடத்தில் முதல்முறையாக என் மச்சான் என்னிடம் நேராகப் பேசியிருக்கிறான் என்று எனக்கு உறைத்தபோது காலுக்குக் கீழே பனி விலகியது போல் இருந்தது.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"நீராவிக் குளியல்ல. நீ சுட்ட கல்லுமேல தண்ணி ஊத்தினா கல்லுக்குப் போகல, என் தொடைமேல விழுந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. தினமும் சொன்னேன். நீ சிரிச்ச."

மஞ்சுவாக்கிடம் திரும்பினேன். "நீ?"

"முழங்கை நீளாம சட்டைக் கை சுருண்டு தொங்கிச்சு. சுருக்கித் தச்சேன்." என் வலது கை விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள். "ஒருத்தர் மனசுல கல்லைத் தூக்கிப் போட நான் யாருய்யா? நீயே பாத்துக்குவேன்னு இருந்தேன். நீ பாத்தா கட்டையை வெட்டுற."

கத்த வேண்டும் போல் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த என் கையை நான் ஒருவன் மட்டும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கைக்குப் பொருந்தவில்லை என்று நல்ல மரத்தை அறுத்திருக்கிறேன். அழுகைதான் வந்தது. அழுதேன். கடலுக்குப் போகாத ஆளை வசந்தத்தில் என்ன செய்வார்கள்? பெண்களோடு உட்கார்ந்து கொழுப்பு அரிய எனக்குத் தெரியாது. வேறு எதுவுமே தெரியாது.

"அப்ப நான் என்னடா பண்றது?"

"தள்ளு," என்றான்.

"என்ன?"

"வண்டியைத் தள்ளு. இடது கை இருக்கு, வயிறு இருக்கு. நெட்டைக்கு இதுகூடப் பண்ணமுடியாதா? பொம்பளைங்க பாக்கறாங்க, மூக்கைத் துடை."

தள்ளினேன். அவன் வாரை நெஞ்சில் மாட்டி முன்னால் இழுத்தான். நான் பின்னால் இடது கையாலும் வயிற்றாலும் தள்ளினேன். பனிமேடுகளில் ஏறும்போது வண்டி நெளிந்து கொடுத்தது. எங்கேயும் கிறீச்சிடவில்லை. அழுதுகொண்டே தள்ளியபோதும் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

விளிம்பில் அவன் படகைத் தண்ணீரில் இறக்கி, என் வண்டியை அதன் முதுகில் கட்டினான். கரைப்பனியில் நிற்கிறவனுக்கு எங்களில் இரண்டே சைகை. ஒரு கையைத் தூக்கினால் "அங்கேயே இரு, சீல் தெரியுது." இரண்டு கையையும் தூக்கினால் "உடனே வா, பனி மூடுது." நான் ஒரு பனிமேட்டின்மேல் ஏறி நின்றேன். அவன் சின்னதாகிக்கொண்டே போனான். என் வண்டி கடலுக்குப் போனது, நான் போகவில்லை.

அவன் ஒரு சீலை அடித்ததைப் பார்த்தேன். சுத்தமான எறிதல். என் கையும் தன்னால் அசைந்தது.

பிறகு காற்று திரும்பியது. கன்னத்தில் பட்டபோதே தெரிந்துவிட்டது. மேற்கிலிருந்து மிதவைப் பனி மொத்தமாகக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மற்ற ஆட்கள் எல்லாம் தெற்கே தூரத்தில் இருந்தார்கள்; அவன் மட்டும் இந்தப் பக்கம். இரண்டு கையையும் தூக்கினேன்.

அவன் பார்த்தான். துடுப்பை நிறுத்தினான். கரையைப் பார்த்து வரவில்லை. படகைத் திருப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீரில் தேடினான். சீல் தேடுகிறான்!

"டேய்! வாடா!" என்று கத்தினேன். காற்று என் குரலை ஊருக்குத்தான் கொண்டுபோனது. மறுபடி இரண்டு கையையும் தூக்கினேன். அவன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான், புரிந்தது என்பது போல. என்ன புரிந்தது? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. பனி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் வலது கை தூக்கித்தான் இருந்தது, ஆனால் மடங்கி, சட்டையின் தலைமூடியோடு ஒட்டிக்கொண்டு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது கையே இல்லை.

பனியைத் தட்டிப் பார்க்கிற ஊன்றுகோல் காலடியில் கிடந்தது. அதை வலது கையில் பிடித்துத் தலைக்கு மேலே நிமிர்த்தினேன். கை போகாத உயரத்துக்குக் கோல் போனது.

படகு சட்டென்று திரும்பியது. அவன் துடுப்புப் போட்ட வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மிதவையின் முதல் துண்டுகள் படகின் வாலைத் தொடுவதற்குள் மூக்கு விளிம்பில் மோதியது. இடது கையால் படகைப் பற்றி இழுத்தேன்; அவன் உருண்டு பனியில் விழுந்தான். சீலையும் இழுத்துப் போட்டோம். பின்னால் பனி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தோம்.

"மச்சான்," என்றான், வானத்தைப் பார்த்தபடி. "ஒரு கை தூக்கினா அங்கயே இரு. ரெண்டு கை தூக்கினா ஓடி வா. நீ ஒண்ணரைக் கை தூக்கினா நான் என்னடா பண்றது?"

"பாதி தூரம் வரவேண்டியதுதானே குள்ளா? உன் கண்ணு தண்ணி மட்டத்துல இருந்தா என் கை எங்க தெரியும்?"

அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

படகை வண்டியில் ஏற்றினோம். சீலை அதன் பின்னால் கட்டினோம். பாதி எனக்கு என்று அவன் சொல்லவில்லை. கத்தியால் நடுவில் ஒரு கீறல் போட்டு, தலைப்பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தான். இந்தமுறை வாரை என் நெஞ்சில் மாட்டிக்கொண்டேன். நெஞ்சுக்கு முழங்கை வேண்டாம். அவன் பின்னால் தள்ளினான். ஊர்க் கூரைகள் தெரிகிறவரை அப்படியே இழுத்தேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காமல் கேட்டேன்.

"அடுத்த வருஷம் இந்தக் கை நீளுமா உலிகாக்?"

வண்டியின் இரும்புப் பட்டை பனியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவன் நேராக ஒரு பதில் சொல்லிவிட்டான் என்றால் நான் தீர்ந்தேன். எதையாவது உளறு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினான்.

"நீண்டுச்சுன்னா எனக்குத்தான் நஷ்டம்," என்றான் கடைசியில். "அப்புறம் நீ செய்யற வண்டியெல்லாம் எனக்குப் பெருசாப் போயிடும். அடுத்த வருஷம் இன்னொண்ணு செஞ்சு குடுத்துட்டு நீட்டிக்க."

நான் சிரித்தேன். வார் நெஞ்சில் அழுந்த, வண்டியை இழுத்துக்கொண்டே சிரித்தேன்.